எந்தக் கோழியும் கொத்தவில்லை

தலைமையேற்றிருக்கும் அரிசி ஆலை உரிமையாளர் திரு. ராஜாராம் அவர்களே, எனக்குப் பின் நம் பெண்கள் பள்ளியை நடத்திவரும் தலைமையாசிரியை அவர்களே, சுகாதார நிலைய மருத்துவர் அவர்களே, எதிரே நாற்காலிகளிலும் ஜமக்காளத்திலும் அமர்ந்திருக்கும் உத்திரமேரூர், திருப்புலிவனம் மக்களே, உட்காரலாமா வேண்டாமா என்று பந்திக் கூடத்து வாசலில் நின்றுகொண்டிருப்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வணக்கத்தை அடுத்து ஒரு கேள்வி. இந்தப் படத்துக்குக் கண் வரைந்தது யார்?

மாலை போட்டு, ஊதுவத்தி ஏற்றி, மேடை நடுவே வைத்திருக்கிறீர்களே, இந்தப் படத்தைத்தான் கேட்கிறேன். இது நம் பள்ளியின் ஆய்வுக்கூட உதவியாளர் வீராசாமியின் படம் என்கிறீர்கள். பதினெட்டு ஆண்டுகள் அவர் முகத்தைத் தினமும் பார்த்தவள் நான். அவருடைய இடது கண் கண்ணாடிக் கண். அது அசையாது. மற்றக் கண் உங்களைப் பார்க்கும்போது அது உங்கள் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்தப் படத்திலோ இரண்டு கண்களும் ஒன்றுபோல, மாப்பிள்ளைப் படம்போல ஜொலிக்கின்றன! ஸ்டுடியோவில் சொல்லித் தூரிகையால் திருத்தியிருக்கிறீர்கள். செத்த மனிதனைக்கூட அவன் கண்ணோடு இருக்க விடமாட்டீர்களா? எந்தப் பொய்யை எதிர்த்து இந்த மனிதர் தன் சொந்தங்களை இழந்தாரோ, அதே பொய்யை அவர் முகத்தின் மீதே எழுதி, அதற்கு மாலையும் போட்டிருக்கிறீர்கள்.

பேசுவதற்கு முன் திரு. ராஜாராம் என்னிடம், "அம்மா, பழசையெல்லாம் கெளறாதீங்க. நாலு நல்ல வார்த்தை சொல்லி முடிச்சிடுங்க" என்றார். நாலு நல்ல வார்த்தைகள்தான் சொல்லப்போகிறேன். அவை உண்மையாக இருப்பதால் கேட்க நன்றாக இருக்காது.

வீராசாமி பிறந்தது திருப்புலிவனத்தில். அவருடைய தகப்பனாருக்கு ஒரு கண் இல்லை. ஏன் என்று கேட்டால் மாடு முட்டியது என்பார்கள். வீராசாமிக்கு ஒரு கண் இல்லை. கிட்டிப்புள் பட்டது என்பார்கள். அவருடைய தங்கை பாஞ்சாலிக்கும் ஒரு கண் இல்லை. தீபாவளிப் பட்டாசு என்பார்கள். பாஞ்சாலியின் மூத்த மகள் அம்முலுவுக்கும் ஒரு கண் இல்லை. அவளுக்குக் கோழி கொத்தியது என்றார்கள்.

மாடு, கிட்டிப்புள், பட்டாசு, கோழி! ஒரே குடும்பத்தில் நான்கு பேர், நான்கு விபத்துகள், எல்லாமே கண்ணில்! ஏன் ஒருவர் கையிலும் காலிலும் படவில்லை என்று இந்த ஊரில் ஒருவராவது கேட்டீர்களா? கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே தலையாட்டினீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு மாடோ ஒரு கோழியோ இருக்கிறது. அதை அவர்கள் கேட்காமல் இருக்க, இதை நீங்கள் கேட்காமல் இருந்தீர்கள்.

அந்தத் தகப்பனாருக்கு உண்மை தெரியும். குழந்தையின் கண்மணியில் பூனைக்கண்போல வெள்ளையாக ஒளி தெரிந்தால் அது கட்டி, உடனே அந்தக் கண்ணை எடுக்காவிட்டால் உயிரை எடுக்கும் என்று தன் அனுபவத்தில் அறிந்தவர். அதனால் இரண்டு பிள்ளைகளையும் காலத்தோடு சென்னைக்குத் தூக்கிப் போய் அறுவை செய்து காப்பாற்றினார். அதற்காக அவரை வணங்குகிறேன். ஆனால் ஊருக்குத் திரும்பியதும் கிட்டிப்புள், பட்டாசு என்று சொல்லி வைத்தார். பாஞ்சாலிக்கே உண்மையைச் சொல்லாமல் வளர்த்தார். மூத்தவரான வீராசாமிக்கு மட்டும் சொல்லி, வெளியே மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். ஏன்? பெண்ணைக் கட்டிக் கொடுக்க வேண்டும்! விபத்தில் போன கண்ணுக்கு வரன் கிடைக்கும். இரத்தத்தில் வந்த நோய்க்குக் கிடைக்காது.

பாஞ்சாலிக்கும் இருசப்பனுக்கும் கல்யாணம் ஆயிற்று. அம்முலு பிறந்தாள். ஒன்றரை வயதில் அவள் கண்ணில் வெள்ளை தெரிந்தது. சென்னைக்கு எடுத்துப் போனார்கள், கண்ணை எடுத்தார்கள், பிள்ளை பிழைத்தாள். அன்று அங்கே மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். "இந்தக் குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் இருந்ததா? இருந்தால் அடுத்த குழந்தையைப் பிறந்த நாள் முதல் மாதா மாதம் இங்கே கொண்டு வர வேண்டும்."

எதிரே ஒற்றைக் கண்ணோடு தாய் நிற்கிறாள். பக்கத்தில் ஒற்றைக் கண்ணோடு தாய்மாமன் நிற்கிறார். பாஞ்சாலியின் மாமியார் முந்திக்கொண்டு, "அய்ய, அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. இவளுக்குப் பட்டாசு பூந்துகினு போயிடுச்சு. அவுங்க அண்ணனுக்குக் கிட்டிப்புள்ளு" என்றார். மருத்துவர் நம்பாமல் வீராசாமியைப் பார்த்து இன்னொரு முறை கேட்டார். வீராசாமி, அப்பாவுக்குக் கொடுத்த சத்தியத்தை நினைத்து, "ஆமா சார், கிட்டிப்புள்ளு தான்" என்றார்.

மூன்று வருடம் கழித்து கோபால் பிறந்தான். அவனை யாரும் மாதா மாதம் கொண்டுபோகவில்லை. எதற்குக் கொண்டுபோக வேண்டும்? குடும்பத்தில்தான் யாருக்கும் இல்லையே! கண் பிதுங்கிய பிறகு கொண்டுபோனார்கள். 1972இல், மூன்று வயது முடிவதற்குள், கோபால் இறந்துபோனான்.

கருமாதி முடிந்த மறுநாள் வீராசாமி பள்ளிக்கு வந்தார். என் அறை வாசலில் நின்றார். "அம்மா, அந்தப் புள்ளைய நான்தான் சாவடிச்சேன். டாக்டரு ரெண்டு தபா கேட்டாரு. மொத தபா சும்மா நின்னேன், ரெண்டாந்தபா பொய் சொன்னேன்" என்றார். அன்றுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. ஆம், 1972லேயே எனக்குத் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது எனக்கே எதிராக வரும்.

அந்த வாரமே அவர் தனியாகச் சென்னை சென்று, அதே மருத்துவரைத் தேடிப் பிடித்து உண்மையைச் சொன்னார். குழந்தைகளின் கண்ணை எப்படிப் பார்ப்பது என்று கேட்டுக் கற்றுக்கொண்டார். இருட்டில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அவருக்கோ பள்ளி இல்லாத நாட்களில், பகலில்தான் நேரம். கூரை வீட்டில் பட்டப்பகலில் இருட்டுக்கு எங்கே போவது? கடைத்தெரு அஹமது பாட்சா கடைக்குப் போனார். பாட்சா பாய் இங்கேதான் அமர்ந்திருக்கிறார். அவரே எனக்குச் சொன்னது இது.

"பாய், இருக்கிறதுலயே பெருசா ஒரு கறுப்புக் குடை குடு."

"மழையே காணோம். குடை இன்னாத்துக்கு?"

"இருட்டு வோணும் பாய்."

"இருபது வருஷமா மழைக்கும் வெயிலுக்கும் வித்துக்கினு கீறேன். இருட்டுக்கு யாரும் வாங்கினதில்லியே நைனா!"

அந்தக் குடையின் மேல் ஒரு கறுப்புக் கம்பளியைத் தைத்தார். தாய் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள, குடையைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே தலையை நீட்டி டார்ச் அடிப்பார். பதினேழு ஆண்டுகள், சனி ஞாயிறு தவறாமல், சைக்கிளில் ஊர் ஊராகப் போனார். "கொயந்தைக்கு இன்னா வயசு? குடைக்குள்ள வா, மாமன் ஒரு வித்தை காட்டறேன்" என்பார். குழந்தை வீறிட்டால், "அழுவாதே ராஜா. உன்ன மாதிரி நானும் ரெண்டு கண்ணு வச்சிக்கினு மெரட்டினவன்தான்" என்பார். தாய்மார்கள் சிரித்துவிடுவார்கள். சிரிக்கும்போது கையை அசைக்காமல் டார்ச்சைப் பிடித்திருப்பார்.

நீங்கள் என்ன பெயர் வைத்தீர்கள்? குடைப் பைத்தியம்! இந்த மண்டபத்தில் அந்தப் பெயரைச் சொல்லாத வாய் எத்தனை என்று நான் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியும்.

அந்தக் குடைக்குள்தான் பாட்சா பாயின் பேத்தி வகிதாவின் வலது கண்ணில் வெள்ளை தெரிந்தது. அவர்கள் பரம்பரையில் யாருக்கும் இந்த நோய் கிடையாது. குழந்தையின் தாய் ஜுனைதா, "நாங்க இன்னா பாவம் பண்ணோம் அண்ணே?" என்று அழுதாள். வீராசாமி சொன்னார்: "பாவமும் இல்ல, சாபமும் இல்ல. திங்கக்கிழமை மொத பஸ்ஸு. நானும் வரேன். எழுந்திரு." வகிதா இன்று ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கில் கொஞ்சம் அலட்சியம். மற்றபடி நல்ல பிள்ளை.

பாவமும் இல்லை, சாபமும் இல்லை என்றால் பிறகு என்ன? 1987இல் சென்னை மருத்துவர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதியிருந்தார். வீராசாமி அதை என்னிடம் கொண்டுவந்தார். நான் ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. படித்துச் சொன்னேன். மனித உடலின் ஒவ்வொரு செல்லிலும், பதின்மூன்றாம் குரோமோசோமில், ஒரு மரபணு இருக்கிறது. அமெரிக்காவில் அதைத் தனியே பிரித்தெடுத்துவிட்டார்கள். செல்கள் பிரிந்து பெருகினால்தான் குழந்தை வளரும். ஆனால் ஓரிடத்தில் நிற்கவும் வேண்டும். அந்த மரபணு உண்டாக்கும் புரதம்தான் "போதும், நில்" என்று சொல்வதாகத் தெரிகிறது. தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என அந்த மரபணு நமக்கு இரண்டிரண்டாக இருக்கிறது. இரண்டும் கெட்டால்தான் செல்லை நிறுத்த ஆள் இல்லாமல் போகிறது. விழித்திரையில் அப்படி நடந்தால் கட்டி. இதை நான் பாடம் நடத்துவதுபோல அரைமணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"நம்ம ஏரி மதகு மாதிரிம்மா. மதகுல ரெண்டு ஷட்டரு கீதுன்னு வச்சிக்கோங்க. ஒண்ணு துருப்புடிச்சிப் போனாலும் இன்னொண்ணு தண்ணிய நிறுத்தும். வகிதாவுக்கு ரெண்டு ஷட்டரும் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு எடத்துல ரெண்டும் தானா போயிடுச்சு. யாரோட தப்பும் இல்ல. எங்க வூட்ல பொறக்கும்போதே ஒரு ஷட்டரு கெட்டுப் போயிதான் வரோம். மிச்சம் ஒண்ணு. அது எப்ப போவும்னு பாத்துக்கினு ஒக்காரணும். பாக்கறதுக்கு ஆள் இருந்தா பொழைச்சிக்கலாம். மதகே கெடையாது, மாடுதான் முட்டிச்சுன்னா ஊரே முழுகிடும்."

மூன்று பட்டங்கள் வாங்கியவள் நான். அந்த மனிதர் எட்டாம் வகுப்பு. அன்று எங்களில் யாருக்கு விஷயம் புரிந்திருந்தது?

பெற்றோரில் ஒருவருக்கு இந்தக் குறை இருந்தால் பிறக்கும் குழந்தைக்கு அது வருவதும் வராததும் சரிபாதி. தன்னிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குப் போகக்கூடாது என்று வீராசாமி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அதற்கும் ஏதேதோ காரணம் கட்டினீர்கள். அவை என் நாவில் வரத் தகுந்தவை அல்ல.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். காஞ்சிபுரம் கான்வென்ட்டில் எனக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவர் மதர் மார்த்தாள். தவறாக எழுதிவிட்டால் அழிக்கக்கூடாது, மேலே மை பூசக்கூடாது. ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்திட வேண்டும். தவறும் தெரிய வேண்டும், திருத்தியதும் தெரிய வேண்டும், திருத்தியது யார் என்றும் தெரிய வேண்டும். பள்ளிப் பதிவேடுகளை முப்பது ஆண்டுகள் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒரு பிறந்த தேதியைச் சுரண்டி மாற்றிய எழுத்தரை ஒரே நாளில் வெளியே அனுப்பினேன். உங்களில் பலர் என்னைத் திட்டியிருப்பீர்கள். இன்று நன்றாகத் திட்டலாம்.

1977இல் இருசப்பன் தன் மகள் அம்முலுவை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தார். அங்க அடையாளம் எழுத வேண்டும். "அம்மா, கோழி கொத்திச்சுன்னு எழுதுங்க. நாளைக்கு சர்ட்டிபிகேட்டுல அதான் வரும். பொண்ணு வாழ்க்கைம்மா" என்று கைகூப்பினார். எனக்கு உண்மை தெரியும். ஐந்து ஆண்டுகளாகத் தெரியும். எழுதினேன். "இடது கண், குழந்தைப் பருவத்தில் கோழி கொத்தியதால் பார்வை இழந்தது." ஒரு பிசிறு இல்லாமல் எழுதினேன். மைப்புட்டி கொண்டுவந்த வீராசாமி எனக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "எழுத்து ரொம்ப அழகா கீதும்மா" என்றார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி அறைந்ததில்லை.

அம்முலு வளர்ந்தாள், படித்தாள். சென்ற ஆண்டு தை மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தம். எங்கே? இதே மண்டபத்தில். இதோ இந்த மேடையில். பாஞ்சாலி பதினாறு வருடம் பிள்ளையே வேண்டாம் என்றிருந்து, அப்போதுதான் முப்பத்தொன்பது வயதில் இரண்டு மாதம் கர்ப்பம். கல்யாணத்துக்கு நிற்கும் மகளை வைத்துக்கொண்டு பிள்ளை பெறப்போகிறாளே என்ற பேச்சு வேறு. தட்டு மாற்றும் நேரத்தில் ஓர் அம்மாள் என்னிடம் வந்து, "கோச்சிக்காதீங்க டீச்சரம்மா, நல்ல காரியம், கொஞ்சம் பின்னால ஒக்காருங்க" என்றாள். நான் தாலியிழந்தவள் அல்லவா! நகர்ந்து அமர்ந்தேன்.

மாப்பிள்ளையின் தகப்பனார் அம்முலுவின் சான்றிதழைக் கையில் வாங்கிப் படித்தார். "இன்னா சம்பந்தி, கோழி கொத்திச்சாமே! அந்தக் கோழிய கொழம்பு வச்சீங்களா, சும்மா உட்டுட்டீங்களா?" என்றார். மண்டபமே சிரித்தது. இருசப்பனும் சிரித்தார். பிறகு வழக்கப்படி தாய்மாமனைப் பார்த்து, "இன்னா தாய்மாமனே, ஒங்க சம்மதத்தைச் சொல்லுங்க" என்று கேட்டார்கள்.

தாய்மாமன் என்றால் என்ன சொல்ல வேண்டும்? சம்மதம் என்று சொல்லிவிட்டுத் தாம்பூலம் எடுத்துக்கொள்ள வேண்டும். வீராசாமி எழுந்தார். "எந்தக் கோழியும் கொத்தல சம்பந்தி" என்றார். தன் கண்ணாடிக் கண்ணைத் தொட்டுக் காட்டினார். "எனக்கும் கிட்டிப்புள்ளு படல. இது எங்க இரத்தத்துல வர்றது. பொண்ணு தங்கம். கட்டிக்கினு போங்க. ஆனா பொறக்கற கொழந்தைய மாசா மாசம் சென்னைக்கு இட்டுக்கினு போவணும். அதுக்கு ஒத்துக்கிட்டா எனக்கு சம்மதம்."

எத்தனை நேர்மையான நிபந்தனை! கூச்சல் எழுந்தது. திரு. ராஜாராம் அவர்களே, நீங்கள்தான் அந்தச் சான்றிதழை உயர்த்திப் பிடித்தீர்கள். "இதோ டீச்சரம்மா கையெழுத்து கீதே! அவுங்க பொய் எழுதுவாங்களா? அம்மா, முன்னால வாங்க. கோழியா, இல்லியா? நீங்களே சொல்லுங்க!" என்றீர்கள். தட்டு மாற்றும்போது பின்னால் தள்ளப்பட்டவளைச் சாட்சி சொல்ல மட்டும் முன்னால் அழைத்தீர்கள். நான் வந்தேன். வீராசாமி என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். "அவர் சொல்வது உண்மை" என்றால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பதிவேட்டில் உள்ளது உள்ளபடி" என்றேன்.

ஏன் சொன்னேன்? என் கையெழுத்து பொய் என்று இந்த ஊர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான். வேறு காரணம் தேடாதீர்கள். நான் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

"இந்த அம்மாவுக்கும் எல்லாம் தெரியும்" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொய்யன், பைத்தியம், மருமகள் வாழ்க்கையைக் கெடுத்த பாவி என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனீர்கள். ஒற்றைச் செருப்போடு படி இறங்கினார். பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள். சம்பந்தம் முறிந்தது. பாஞ்சாலி வீட்டுக் கதவு அவருக்குச் சாத்தப்பட்டது.

ஒரு விஷயத்தை அம்முலுவின் அனுமதியோடு இன்று சொல்கிறேன். அவள் ஐந்தாம் வரிசையில் இருக்கிறாள். சொல்லட்டுமா, அம்முலு? தலையசைக்கிறாள். நிச்சயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் பள்ளி ஆய்வுக்கூடத்துக்கு மாமனைத் தேடிப் போயிருக்கிறாள். "மாமா, நாளைக்கு உன்ன சம்மதம் கேப்பாங்க இல்ல? அப்ப உண்மையைச் சொல்லிடு" என்றிருக்கிறாள். "நீயே சொல்லேன்மா" என்றிருக்கிறார். "நான் பேசினா வாய மூடிடுவாங்க. தாய்மாமன் வாய மூட எவனுக்கும் உரிமை கெடையாது." "கல்யாணம் நின்னுடும் கண்ணு." "நிக்கட்டும் மாமா. எனக்குப் பொறக்கற கொழந்தைக்கும் ஒரு கோழியத் தேடச் சொல்றியா?"

கேட்டீர்களா? மருமகள் வாழ்க்கையைக் கெடுத்தவர் அல்ல அவர். மருமகள் கேட்டதைச் செய்தவர். அவள் பெயரை வெளியே விடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். இருசப்பன் வாசலில் மண்ணை வாரித் தூற்றினபோதும் வாயைத் திறக்கவில்லை. தகப்பனுக்குக் கொடுத்த சத்தியம் ஒரு பிள்ளையைக் கொன்றது. மருமகளுக்குக் கொடுத்த வாக்கு அவரைத் தனியாளாக்கியது. அதையும் காப்பாற்றினார்.

ஆவணியில் பாஞ்சாலிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஐப்பசியில் வீராசாமி குடையோடு போய் நின்றார். அப்போதே தொடை வலியால் சைக்கிள் மிதிக்க முடியவில்லை, தள்ளிக்கொண்டு போனார். பாஞ்சாலி வாசலுக்கு வந்து, "அண்ணே, உன் டார்ச்சு என் வூட்டுப் படி ஏறக்கூடாது. ஒரு பொண்ணு வாழ்க்கைய அணைச்ச வெளிச்சம் அது" என்றாள். அவர் தெருவிலேயே நின்று, "எம்மேல கோவமா இரு. நீயே இட்டுக்கினு போ தங்கச்சி, சென்னைக்கு இட்டுக்கினு போ" என்று கெஞ்சிவிட்டுத் திரும்பினார்.

தொடையில் இருந்தது எலும்புப் புற்று. கண்ணில் பிழைத்தவர்களுக்குப் பின்னாளில் எலும்பில் வரக்கூடும், காரணம் அதே மரபணுதான் என்று மருத்துவர் எனக்கு விளக்கினார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? கல்யாணத்தை நிறுத்தினான், கடவுள் காலை நிறுத்திவிட்டார் என்று டீக்கடையில் சொன்னீர்கள்! அவர் சென்னையில் வார்டில் கிடந்த மாசி மாதத்தில், இங்கே அந்தக் குழந்தைக்குக் காது குத்தினீர்கள். தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தையை வேறு யாரோ மடியில் வைத்தீர்கள். அவர் பக்கத்தில் இருந்தது அம்முலு ஒருத்திதான், வீட்டில் தோழி வீடு என்று சொல்லிவிட்டு.

நான் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார். "அத உடுங்கம்மா. அந்தப் பாப்பாவ இன்னும் யாரும் பாக்கல. ஆறு மாசம் ஆயிடுச்சு" என்றார். பன்னிரண்டு நாட்களுக்கு முன் இறந்துபோனார். நாற்பத்து மூன்று வயது. இடுகாட்டுக்கு வந்தவர்களை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிவிடலாம். இன்று மண்டபம் கொள்ளவில்லை!

ஊர்ச்சபையில் உட்காரத் தகுதி இல்லாதவர் யார் யார் என்று கோயில் சுவரில் வெட்டி வைத்த ஊர் எங்கள் ஊர் என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமை பேசுகிறோமே, அந்தச் சுவரை வெட்டியவர்கள் குற்றத்தைப் பட்டப்பகலில், எல்லோரும் படிக்கும்படி வெட்டினார்கள். நாம் ஒரு குழந்தையின் கண்ணை மறைக்கக் கோழியைத் தேடுகிறோம். எதற்குப் பெருமை?

நான் மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதிவிட்டேன். 1977ஆம் ஆண்டுச் சேர்க்கைப் பதிவேட்டில் நான் எழுதிய அந்த வரி பொய், பொய் என்று தெரிந்தே எழுதினேன், என்மீது எந்த நடவடிக்கையும் எடுக்கலாம் என்று. மதர் மார்த்தாள் சொன்னபடி அதன்மீது ஒரே கோடு போட்டு, பக்கத்தில் உண்மையை எழுதி, கையெழுத்திட அனுமதி கேட்டிருக்கிறேன். அது தாளில். இன்று உங்கள் முன் வாயால் அந்தக் கோட்டைப் போடுகிறேன். எந்தக் கோழியும் கொத்தவில்லை. வீராசாமி சொன்னது உண்மை. நான் சொன்னது பொய்.

இனி மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருக்கிறீர்கள். இரண்டு நிமிடம். மன்னியுங்கள், அதை நான் அனுமதிக்கப்போவதில்லை. மௌனமா? இந்த ஊரில் மௌனத்துக்கு என்ன குறை? அந்த மௌனத்தில்தான் கோபால் செத்தான். அந்த இரண்டு நிமிடத்தை எனக்குக் கொடுங்கள்.

பாஞ்சாலி, தூணுக்குப் பின்னால் நீ குழந்தையோடு உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். முகத்தை மூடாதே. உன்னிடமிருந்து ஒரு கண்ணை எடுத்தவர்கள் யார், உண்மையை எடுத்தவர்கள் யார் என்று இப்போது உனக்குத் தெரியும். உன் அண்ணன்மீது கோபப்பட உனக்கு இனி ஒரு காரணமும் இல்லை. என்மீது இருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் படு. ஆனால் எழுந்திரு.

இதோ அந்தக் குடை. கம்பளியில் அவர் போட்ட தையல் இன்னும் பிரியவில்லை. ஜுனைதா, டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே வா. இவளுக்கு வீராசாமியே கற்றுக் கொடுத்திருக்கிறார். இனிமேல் சனி ஞாயிறுகளில் இவள் போவாள். குடையை நான் பிடிப்பேன். டார்ச்சில் வெள்ளை தெரியாவிட்டாலும் போதாது, பாஞ்சாலி. "டார்ச்சுல தெரிஞ்சா அது லேட்டும்மா" என்று அவரே சொல்வார். அதனால் இன்று என்ன தெரிந்தாலும், தெரியாவிட்டாலும், நாளைக் காலை முதல் பஸ்ஸில் நாம் நான்கு பேரும் சென்னை போகிறோம். நீ, நான், அம்முலு, குழந்தை. அங்கே மருத்துவர் கேட்பார், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று. நீ சொல்வாய்.

இருசப்பா, அவள் கையை விடு. வழி விடு.

அப்படித்தான். வா, பாஞ்சாலி. படி உயரம், பார்த்து ஏறு. இந்த மணையில் உட்கார். இங்கேதான் அவர் எழுந்து நின்றார்.

திரு. ராஜாராம் அவர்களே, என் உரை முடிந்தது. மண்டப விளக்கையும் மேடை விளக்கையும் அணைக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு இருட்டு வேண்டும்.